கூலர் கதவைத் திறந்து பாருங்கள்: கோழித்தீவன ஆலை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கோழித்தீவன ஆலை நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே உற்பத்தியைக் கவனிக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நேராக ஒரு காட்சிக்கு வந்துவிடுகிறேன். தீவன மாவை அழுத்திச் சிறு உருளைகளாக்கும் பெல்லட் இயந்திரத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சூடான பெல்லட்டைக் காற்றால் குளிரவைக்கும் கூலரின் பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, டார்ச் அடித்து மேலே பார்த்தேன். சூடான காற்றை உறிஞ்சும் குழாய் தொடங்கும் இடத்தைச் சுற்றி, கூரையின் உட்புறத்தில் தீவனத்தூள் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. தொட்டால் பொடியாக உதிரவில்லை. பிசைந்த மாவு மாதிரி விரலில் ஒட்டியது. புளிப்பு வாடை அடித்தது. ஓரத்தில் நீர்த்துளிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சால்மோனெல்லா இருந்தது; கோழி வழியாக மனிதரை நோய்ப்படுத்தும் பாக்டீரியா அது.

அதே நாள், அதே கூலரிலிருந்து இறங்கிய தீவனத்தில் எடுத்த மாதிரிக்கு "சால்மோனெல்லா இல்லை" என்று அறிக்கை வந்தது. அரைத்த தீவன மாவை நீராவியில் வேகவைக்கும் கண்டிஷனரின் பலகையில் நாள் முழுக்க 84 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருந்தது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அப்பல் ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, நீராவியில் வெந்து சுத்தமாகி வந்த பெல்லட் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. எத்தனை வாரமாக என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

தீவன ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த மடலை எழுதக் காரணம் அந்தக் கூலர்தான். சூடுபடுத்துவதில் நீங்கள் காட்டும் அக்கறையில் பாதியையாவது, சூடுபட்ட தீவனம் அதற்குப் பிறகு போகும் பாதையில் காட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இது யாருக்காக என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் குடலில் அதைக் காக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் குடியேறியிருக்காது. அது காலி வீடு. முதலில் நுழைவது எதுவோ அது இடம் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாத அளவு சால்மோனெல்லா, முதல் ஓரிரு நாள் குஞ்சின் குடலில் நிலைத்துவிடும். விரல்விட்டு எண்ணக்கூடிய கிருமிகளே சில நேரம் போதும். பின்லாந்தின் ஆய்வாளர்கள் நுர்மியும் ரந்தாலாவும் 1973-ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நலமான வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைப் பொரிந்த குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, அந்தக் குஞ்சுகள் சால்மோனெல்லாவை எதிர்த்து நின்றன. அதாவது, குஞ்சின் பலவீனம் அந்தக் காலிக் குடல்தான். அதன் வாய்க்குள் முதல் வேளை என்ன போகிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள்.

ஒரு குஞ்சுக்குப் பிடித்தால் அதன் எச்சத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். கூளத்தில் கலக்கும், பக்கத்தில் கொத்தும் குஞ்சுக்குப் போகும். தீவனத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சொற்பமாக இருந்தது, இரண்டு வாரத்தில் கொட்டகை முழுவதும் இருக்கும். பெரும்பாலும் கோழியிடம் நோய்க்குறி எதுவும் தெரியாது. தின்னும், வளரும், எடை போடும். அப்புறம் அது இறைச்சியாகவோ முட்டையாகவோ ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போகும். இன்னொன்றும் உண்டு. தாய்க்கோழிகளுக்குப் போகும் தீவனத்தில் பிசகினால், அது குஞ்சு பொரிப்பகம் வழியாகப் பல பண்ணைகளுக்கு ஒரே நேரத்தில் இறங்கும். மற்ற எந்தத் தீவனத்தையும்விட அதில்தான் எனக்குப் பயம் அதிகம்.

"உலர்ந்த தீவனத்தில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரத்தில் சால்மோனெல்லா பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. சுருண்டு படுத்து மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்கும். அது மட்டுமில்லை, உலர்ந்திருக்கும் கிருமி சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். கோழியில் காணும் இன்னொரு கிருமியான கேம்பிலோபேக்டர் அப்படியில்லை, உலர்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். அதனால்தான் கோழியில் அவ்வளவு பரவலாக இருந்தும் அந்தக் கிருமிக்குத் தீவனத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. சால்மோனெல்லாவுக்கு அந்த விலக்கு கிடையாது.

எங்கிருந்து வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. மூலப்பொருளோடு வருகிறது. 1970 வாக்கில் பெருவிலிருந்து போன மீன்தூளோடு சால்மோனெல்லா அகோனா என்ற வகை அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு முன் அங்கெல்லாம் அபூர்வமாக இருந்த வகை அது. கோழிகளுக்குப் போய், கோழிகளிலிருந்து மனிதர்களுக்குப் போய், சில ஆண்டுகளிலேயே அடிக்கடி காணப்படும் வகைகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு தீவனச் சரக்கு, பல நாடுகளின் நோய்ப் பட்டியலையே மாற்றியது.

இன்று மீன்தூளைவிட எண்ணெய் எடுத்த புண்ணாக்குகள்தான் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துகின்றன. சோயா புண்ணாக்கைப் பாருங்கள். எண்ணெய் எடுத்த பிறகு கரைப்பானை ஓட்ட அதை நூறு டிகிரிக்கு மேல் வறுக்கிறார்கள். அந்த இடத்தில் அது சுத்தமாகத்தான் இருக்கிறது. பிறகு குளிரவைக்கும் இடத்தில், கன்வேயரில், கிடங்கில், கப்பலில், லாரியில் மறுபடியும் கிருமி ஏறுகிறது. உங்கள் ஆலையில் நடக்கும் அதே கதை, உங்களுக்கு முன்னால் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. தானியங்களில் பிரச்சினை குறைவு. ஆனால் மூலப்பொருளைக் கொட்டும் திறந்த குழிக்கு மேல் பறவைகள் உட்கார்ந்திருந்தால் அந்தக் குறைவுக்கு அர்த்தம் இல்லை. எலியைப் பற்றி ஒரே ஒரு எண் சொல்கிறேன்: பாதித்த கோழிக் கொட்டகைகளில் பிடித்த சுண்டெலியின் ஒரே ஒரு புழுக்கையில் ஒரு லட்சத்துக்கும் மேல் சால்மோனெல்லா எண்ணப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது சூட்டுக்கு வருவோம். ஒன்றை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். நம் கையில் இருக்கும் ஆயுதங்களில் நீராவிதான் சிறந்தது. சூடான அடுப்புக்குள் கையை ஒரு கணம் நீட்டி எடுத்துவிடலாம். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் நீட்டினால் உடனே வெந்துவிடும். கிருமிக்கும் அதே கதைதான். நீராவி மாவுத்துகளின் மேல் குளிர்ந்து நீராகும்போது தன் சூட்டை முழுவதும் அங்கே இறக்கிவைக்கிறது. கூடவே ஈரத்தையும் கொடுக்கிறது. ஈரம் ஏறிய கிருமியின் புரதங்கள் சீக்கிரம் குலைகின்றன. மாவின் எடையில் ஒரு சதவீதம் அளவுக்கு நீராவி சேர்ந்தால் சூடு ஏறத்தாழ 12 டிகிரி ஏறும். 30 டிகிரியில் இருக்கும் மாவை 85-க்குக் கொண்டுபோக நாலரைச் சதவீதம் நீராவி வேண்டும் என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். அவ்வளவு சேர்க்க முடியாமல், மாவு பெல்லட்டாகப் பிதுங்கி வரும் துளைத்தகடான டை அடைத்துக்கொள்கிறதென்றால், நீராவியோடு தண்ணீரும் வருகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஈர நீராவி ஈரத்தைக் கொடுக்கும், அந்த அளவுக்குச் சூட்டைக் கொடுக்காது. பாய்லரிலிருந்து வரும் குழாயில் நீரை வடிக்கும் பொறி வேலை செய்கிறதா என்று கடைசியாக யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள்? பல ஆலைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை.

சூடு எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். சாதாரணக் கண்டிஷனரில் மாவு அரை நிமிடம்போல் இருக்கும். அதுவும் சராசரிதான். துடுப்புகளின் சாய்வு சரியில்லாவிட்டால், அறை பாதிகூட நிரம்பாமல் ஓடினால், ஒரு பகுதி மாவு பத்து விநாடியில் பாய்ந்து வெளியே வந்துவிடும். ஆவி வாசனையைப் பார்த்துவிட்டு வந்ததுதான் அதற்கு மிச்சம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். நிறமேற்றிய ஒரு வாளி மாவை உள்ளே கொட்டிவிட்டு, வெளிவாயில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். முதல் நிறத்துகள் எப்போது வருகிறது, கடைசித்துகள் எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் இதை முதல் தடவை செய்தபோது, "முப்பது விநாடி" என்று எல்லாரும் நம்பியிருந்த இயந்திரத்தில் முதல் நிறம் பதினொன்றாவது விநாடியிலேயே எட்டிப் பார்த்தது. நீண்ட நேரம் வைத்திருக்கும் ஹைஜீனைசர் பொருத்தியவர்கள் 85 டிகிரியில் நிமிடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். தாய்க்கோழித் தீவனம் செய்பவர்களாவது அந்தச் செலவைச் செய்யுங்கள். சுவீடனில் கோழிக்குப் போகும் கலப்புத்தீவனம் குறைந்தது 75 டிகிரிக்குச் சூடேற வேண்டும் என்பது சட்டம். அதைத் தரைமட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

வெப்பமானி எங்கே செருகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். நீராவி நுழையும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அது நீராவியின் சூட்டைத்தான் காட்டும். வெளிவரும் மாவுக்குள் புதைந்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த மாவை ஒரு தெர்மாஸ் குடுவையில் பிடித்து, வேறொரு வெப்பமானியால் அளந்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் அந்த முதல் சில நிமிடங்கள். காலையில் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும்போது இரும்பு குளிர்ந்திருக்கும். 40, 50, 60 என்று சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மாவு அதுபாட்டுக்கு டை வழியாகப் போய்க் கூலரில் விழுந்துகொண்டே இருக்கும். டை அடைத்து நிறுத்தி மறுபடி ஓட்டும் ஒவ்வொரு முறையும் இதேதான். அந்த வேகாத தீவனம் எங்கே போகிறது? திசைதிருப்பும் வாயில் வைத்து அதைக் கண்டிஷனருக்கு முன்னால் திருப்பி அனுப்பும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாயில் இல்லாத ஆலைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேகாத அந்த நூறு கிலோ கூலருக்குள் விழுந்தால், அன்றைக்கு அதன் பின்னால் வரும் வெந்த தீவனம் எல்லாம் அது தொட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

சூட்டால் எல்லாம் முடியாது என்பதும் உண்மைதான். குடலழுகல் நோய்க்குக் காரணமான கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் ஸ்போர் என்ற கடின உறைக்குள் புகுந்துகொண்டால் 85 டிகிரி அதை ஒன்றும் செய்யாது. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் வைட்டமின்கள் குறையும், ஃபைடேஸ் போன்ற நொதிகள் செயலிழக்கும், லைசின் என்ற புரதக்கூறில் ஒரு பகுதி கோழிக்குப் பயன்படாமல் போகும். தீவனக்கலவை வகுப்பவர்கள் சூட்டைக் குறைக்கச் சொல்லிச் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. அவர்களைத் தடைக்கல்லாக நினைக்காதீர்கள். அவர்களையும் தரக்கட்டுப்பாட்டையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு, நொதியை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று முடிவெடுங்கள்.

முட்டைக்கோழிகளின் நிலைமை வேறு. பெரும்பாலும் அவை தின்பது மாவுத்தீவனம், அதாவது மேஷ். அது கண்டிஷனர் பக்கமே போவதில்லை. மிக்சரிலிருந்து நேராகச் சைலோ என்ற சேமிப்புக் கலன். மூலப்பொருளில் இருந்தது அப்படியே கோழியின் அலகுக்குப் போகிறது. முட்டை வழியாக மனிதர்களுக்கு வரும் சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் பற்றி இவ்வளவு பேசுகிறோம்; அந்தக் கோழிகளின் தீவனத்துக்கு கிருமியைக் கொல்லும் கட்டம் எதுவும் இல்லாமல் விட்டுவைத்திருக்கிறோம். மாவையும் நீராவியில் வேகவைத்து, உலர்த்தி, குளிரவைத்து மாவாகவே கொடுக்க முடியும். அந்த முதலீடு இப்போது முடியாது என்றால், புண்ணாக்கு வாங்கும் இடத்தில் இரட்டிப்புக் கண்டிப்போடு இருங்கள்.

இப்போது கூலர். எனக்குச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

டையிலிருந்து வெட்டுப்பட்டு விழும் பெல்லட் எண்பது டிகிரிக்கு மேல் சூடும், பதினைந்து பதினாறு சதவீத ஈரமுமாகக் கூலருக்குள் போகிறது. கீழிருந்து காற்று ஏறுகிறது. ஒரு டன் பெல்லட்டுக்கு ஆயிரம் கன மீட்டர் அளவில் காற்று. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று நின்று பாருங்கள். பெரும்பாலும் கூலர் நிற்கும் அதே தளத்திலிருந்துதான். பக்கத்தில் அரைவை இயந்திரம் ஓடும், மூலப்பொருள் எலிவேட்டர் தூசு கக்கும், கீழே கொட்டும் குழி திறந்திருக்கும். வேகாத மூலப்பொருளின் தூசு மிதக்கும் காற்றை, வெந்த தீவனத்தின் ஊடாக டன் கணக்கில் இழுத்துவிடுகிறோம். பெல்லட் குவியலே ஒரு சல்லடை மாதிரி ஆகிவிடுகிறது. தூசில் இருப்பதில் ஒரு பகுதி பெல்லட்டிலேயே தங்கிவிடும்.

ஈரத்தோடு மேலே போகும் காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்க்கிறது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்தால் இன்னும் அதிகம் வியர்க்கும். வியர்த்த தகட்டில் தூசு ஒட்டுகிறது. ஈரம், இளஞ்சூடு, சத்து மூன்றும் ஓரிடத்தில். உலர்ந்த தீவனத்தில் சுருண்டு கிடந்த கிருமி பெருக ஆரம்பிக்கும் இடம் முழு ஆலையிலும் இந்த மாதிரி மூலைகள்தான். ஒருமுறை குடியேறிவிட்டால் அதே வகை ஆண்டுக்கணக்கில் அந்த ஆலையை விட்டுப் போகாது. நான் தொடக்கத்தில் சொன்ன அப்பல் அப்படி வளர்ந்ததுதான். கூலரின் கூரைக்கும் உறிஞ்சு குழாய்க்கும் வெளிப்புறத்தில் வெப்பக்காப்பு உறை போட்டால் வியர்வை பெருமளவு நின்றுவிடும். காற்று நுழையும் இடத்தைத் தனி அறையாகத் தடுத்து, வெளியிலிருந்து வடிகட்டிய காற்றைக் கொண்டுவந்தால் தூசு நிற்கும். இரண்டும் விண்வெளித் தொழில்நுட்பம் இல்லை, தகரவேலையும் திட்டமிடலும்தான்.

சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். கம்ப்ரெசர் குழாயை எடுத்துக் காற்றடித்தால் தளம் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும். தூசு எங்கே போனது? மேலே எழும்பி, ஆலை முழுக்கப் பரவி, அடுத்த ஒரு மணி நேரத்தில் எல்லாப் பரப்பிலும் இறங்கும். கூலர் அதையும் உறிஞ்சும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அதைவிட மோசம். உலர்ந்து கிடந்த கிருமிக்கு நாமே நீர் ஊற்றி எழுப்பிவிடுகிறோம். தீவன ஆலையில் சுத்தம் என்றால் உலர் சுத்தம்: சுரண்டி எடுப்பது, வேக்குவம் வைத்து உறிஞ்சுவது. வேறு வழியே இல்லாமல் ஈரம் பட்டால், கிருமிநாசினி போட்டு, சூடான காற்றில் முற்றிலும் உலர்த்திவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.

துடைப்பம்கூட ஒரு வழிதான். கொட்டும் குழிப் பக்கம் கூட்டிய துடைப்பமே கூலர் தளத்துக்கும் வருகிறது. அதே செருப்பு, அதே கையுறை, அதே மண்வாரி. வேகாத பக்கத்துக்கு ஒரு நிறம், வெந்த பக்கத்துக்கு ஒரு நிறம் என்று கருவிகளைப் பிரித்துவிட்டு, நடுவில் காலணி மாற்ற ஒரு மேடை போட்டால் பாதிப் போக்குவரத்து நின்றுவிடும். இதற்கு ஆகும் செலவை ஒரு நாள் உற்பத்தியோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது.

குஞ்சுகளின் தீவனத்தில் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. குஞ்சால் முழு பெல்லட்டைக் கொத்த முடியாது. அதனால் குளிர்ந்த பெல்லட்டை உருளைகளுக்கிடையே நொறுக்கிக் குருணையாக்கி, சலித்து அனுப்புகிறோம். ஆக, மிகவும் பலவீனமான உயிருக்குப் போகும் தீவனம்தான் சூட்டுக்குப் பிறகு அதிக இயந்திரங்களைக் கடந்து போகிறது. அந்த உருளைப் பெட்டிக்குள்ளும் சல்லடைக்குக் கீழும் யாராவது டார்ச் அடித்துப் பார்க்கிறார்களா? சலித்து விழும் தூளும் காற்றிலிருந்து தூசைப் பிரிக்கும் சைக்ளோனில் பிடிபடும் தூசும் எங்கே திரும்பிச் சேர்கின்றன? கண்டிஷனருக்கு முன்னால் சேர்ந்தால் மறுபடி வேகும். பின்னால் சேர்ந்தால் அத்தனையும் நேராகக் குஞ்சுக்கு. கடைசியில் எண்ணெய் தெளிக்கும் டிரம்மும் அப்படித்தான். அதன் உட்சுவரில் பிசுக்கோடு தூசு பிடித்து ஊறிக்கிடக்கும்.

லாரியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் புண்ணாக்கு ஏற்றிவந்த வண்டியில் மாலையில் தீவனம் ஏற்றாதீர்கள்.

அமிலங்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஃபார்மிக், புரோப்பியானிக் அமிலங்கள் உண்மையிலேயே உதவுகின்றன. சூட்டுக்குப் பிறகு ஏறும் கிருமியை எதிர்த்துத் தீவனத்தோடு கூடவே போகும் காவல் அது. ஆனால் உலர்ந்த தீவனத்தில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். கோழியின் இரைப்பையில் ஈரம் பட்ட பிறகு வேகம் கூடும். முட்டைக்கோழித் தீவனத்தில் எட்டு, பத்து சதவீதம் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அமிலத்தின் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். பிராய்லருக்குப் போட்ட அளவையே அங்கே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஃபார்மால்டிஹைடு கிருமியை நன்றாகவே கொல்லும். ஆனால் அதைக் கையாளும் தொழிலாளியின் மூச்சுக்கும் கண்ணுக்கும் அது விஷம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தீவனத்தில் அதற்கு அனுமதி மறுத்தது. தூசைச் சுரண்ட சோம்பல்பட்டு, தொழிலாளியின் நுரையீரலைக் கொடுத்துக் கிருமியைக் கொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அமிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு; எங்கள் ஆய்வகக்காரர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிய வேண்டும். அமிலம் சேர்த்த தீவனத்தை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஊடகத்தில் போடும்போது அமிலமும் கூடவே போய், ஊடகத்தின் புளிப்பைக் கூட்டி, உயிரோடிருக்கும் கிருமியையும் வளரவிடாமல் மறைத்துவிடலாம். "இல்லை" என்று அறிக்கை வரும். கோழியின் குடலில் அது இருக்கும். ஊடகத்தின் புளிப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் சோதிக்கிறீர்களா என்று உங்கள் ஆய்வகத்தைக் கேளுங்கள்.

சோதனையைப் பற்றி ஒரு கணக்கு. பத்து டன் தீவனத்திலிருந்து 25 கிராம் எடுக்கிறோம். நாலு லட்சத்தில் ஒரு பங்கு. கிருமி தீவனத்தில் சர்க்கரை கரைந்த நீர் மாதிரி சீராகக் கலந்திருப்பதில்லை. இங்கே ஒரு கட்டி, அங்கே ஒரு கட்டி என்று கிடக்கும். அந்தக் கட்டி உங்கள் கரண்டியில் விழாவிட்டால் அறிக்கை சுத்தமாக வரும். ஆகவே தீவனப் பையிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பதை நிறுத்துங்கள். தூசு எங்கே சேர்கிறதோ அங்கே எடுங்கள்: கூலரின் மேற்பகுதி, கூலர் தளத்தின் தரை, உறிஞ்சு வடிகட்டி, கொட்டும் குழி, முடிந்த தீவனச் சைலோவின் உச்சி. ஒரு வாரம் முழுக்க அந்த வழியாகப் போன தீவனத்தின் சாட்சி அந்தத் தூசில் இருக்கிறது. சுவீடனில் கோழித்தீவன ஆலைகள் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வாரம் குறைந்தது ஐந்து மாதிரி எடுக்க வேண்டும். இதோடு, சால்மோனெல்லாவும் அடங்கிய என்டெரோபேக்டீரியேசி குடும்பக் கிருமிகளின் எண்ணிக்கையையும் கண்டிஷனர் வாயிலும் கூலர் வாயிலும் எடுத்துப் பாருங்கள். முதல் இடத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் இருந்து, இரண்டாவது இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்தால், நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சால்மோனெல்லா மாட்டும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

தேடினால் கிடைக்கும் என்ற பயத்தால் தேடாமல் இருக்கும் ஆலைகள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு "உண்டு" அறிக்கை வந்தால் சரக்கு நிற்கும், பண்ணைக்காரர் போன் செய்வார், அதிகாரி வருவார். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கூலர் தூசில் எடுத்த மாதிரியை அனுப்ப வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்கள். இரண்டு நாள் அந்தப் பை என் மேசையில் இருந்தது. அப்புறம் குப்பைக்குப் போனது. அந்த வாரம் அங்கிருந்து எத்தனை லாரி குஞ்சுத்தீவனம் போனது என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. 2009-ல் பின்லாந்தில், இவ்வளவு கண்டிப்பான கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே, ஒரு தீவன ஆலையிலிருந்து சால்மோனெல்லா டென்னசி முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கும் பன்றிப் பண்ணைகளுக்கும் பரவியது. தேடும் பழக்கம் இருந்த நாடு என்பதால் அது ஆலை வரைக்கும் தடம் பிடித்துப் போய் நிறுத்த முடிந்தது. தேடாத இடத்தில் அதே விஷயம் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்; நோய்ப்பட்டவர்களுக்கு ஏன் என்றே தெரியாது.

உங்களிடம் கேட்பது இதுதான். "உண்டு" என்ற அறிக்கையைக் கொண்டுவருபவரைத் திட்டாதீர்கள். கூலரைச் சுரண்டிய தொழிலாளி "மேலே ஈரமாயிருக்குங்க" என்று வந்து சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். முகக்கவசமும் நல்ல வேக்குவமும் அவருக்கு வாங்கிக் கொடுங்கள். அவர்தான் உங்கள் ஆலையின் முதல் நுண்ணுயிரியலாளர். சுத்தம் செய்யும் நேரத்தை உற்பத்தி இழப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள். வாராந்திர அட்டவணையில் பெல்லட் ஓட்டும் நேரத்தைப் போலவே அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

அந்த முதல் கூலருக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர், ஒரு முழு நாள், சுரண்டி எடுத்தார்கள். மூன்று சாக்கு நிறைந்தது. கூரைக்கு வெப்பக்காப்பு உறை போட்டோம். காற்று நுழையும் பக்கத்தில் தடுப்பு வைத்தோம். அடுத்த எட்டு வாரமும் அதே இடத்தில் மாதிரி எடுத்தோம். முதல் மூன்று வாரம் மறுபடியும் கிருமி வந்தது. நாலாவது வாரம் உறிஞ்சு குழாயின் வளைவுக்குள் இன்னொரு அப்பலைக் கண்டுபிடித்தோம். அதையும் எடுத்த பிறகுதான் நின்றது.

அடுத்த முறை உங்கள் பெல்லட் இயந்திரம் நிற்கும்போது, ஆள் அனுப்பாமல் நீங்களே போங்கள். டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து, கூரையைப் பார்த்துவிட்டு, அந்தக் குழாய் வளைவுக்குள்ளும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

அன்புடன்,
தீவன ஆலைத் தரக்கட்டுப்பாட்டு அறையிலிருந்து